வெயிலில் நின்றுபோகும் வண்டி: பெட்ரோல் ஆவிக் கோளாறு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பங்குனி பிறந்தால் போதும், ரங்கூனிலும் பெகுவிலும் பட்டறைக்கு வருகிறவர்கள் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த வண்டி வெயிலில் நின்றுவிட்டது, ஆறியதும் தானாகக் கிளம்பிவிட்டது. இதற்காக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் நல்ல கார்பரேட்டரைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. தேவையில்லாமல் புதுப் பம்ப் வாங்கியவர்களும் உண்டு. பீலிக்கான் முனீஸ்வரர் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு கிளம்பி, கைக்குழந்தையுடன் சாலையோரம் நிற்பது சின்னத் துன்பம் அல்ல. அந்தத் துன்பத்தில் பாதியையாவது குறைக்க முடியும் என்பதால், திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் பேச்சிலேயே தொகுத்திருக்கிறேன்.

காலையில் நன்றாக ஓடிய ஜீப் மதியம் நெரிசலில் நின்றுவிட்டது. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பியது. இது என்ன நோய், அண்ணே?

பெரும்பாலும், பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டதுதான் காரணம். பம்ப் என்பது திரவத்தை இழுத்துத் தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. குழாயில் ஆவி நிறைந்துவிட்டால், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்னும் சவ்வு மேலும் கீழும் அசைந்தாலும் அந்த ஆவிதான் சுருங்கி விரிகிறது, பெட்ரோல் நகர்வதில்லை. கார்பரேட்டரின் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சம் பெட்ரோல் தீரும்வரை இன்ஜின் திக்கித் திணறி ஓடும், பிறகு நின்றுவிடும். பட்டறைகளில் இதை வேப்பர் லாக் என்பார்கள். ஆவியடைப்பு என்று சொல்லலாம்.

நெரிசலில் இது வருவதற்குக் காரணம் இருக்கிறது. வண்டி வேகமாக ஓடும்போது பானட்டுக்குள் காற்று புகுந்து வெப்பத்தை வெளியே கொண்டுபோகிறது. பெட்ரோலும் குழாயில் தங்காமல் விரைந்து போகிறது. நின்று நின்று நகரும்போது காற்றோட்டம் இல்லை, இன்ஜின் குடிக்கும் பெட்ரோலும் குறைவு. ஆகவே ஒவ்வொரு துளியும் சூடான குழாயில் நெடுநேரம் கிடந்து வேகிறது.

பெட்ரோல் கொதிக்குமா? தண்ணீர் கொதிக்கவே 100 டிகிரி வேண்டுமே?

தண்ணீர் ஒரே பொருள், அதற்கு ஒரே கொதிநிலை. பெட்ரோல் பலவகை ஹைட்ரோகார்பன்களின் கலவை. அதிலுள்ள இலேசான பகுதிகள் சுமார் 35 முதல் 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். கனமான பகுதிகள் 200 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். காலையில் குளிர்ந்த இன்ஜின் சட்டென்று கிளம்புவதே அந்த இலேசான பகுதிகளால்தான். மதியத்தில் வண்டியை நிறுத்துவதும் அவைதான்.

நம் பர்மாவின் வெயிலை நினைத்துப் பாருங்கள். 2024 ஏப்ரல் 28 அன்று மாகுவே வட்டாரத்தின் சவுக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. நிழலில் அளந்த காற்றின் சூடே அவ்வளவு என்றால், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் பானட்டுக்குள் எவ்வளவு இருக்கும்! திரவம் ஆவியாகும்போது 200 மடங்குக்கு மேல் இடம் கேட்கும். எனவே குழாயில் சிறிதளவு பெட்ரோல் கொதித்தாலே பாதை அடைபட்டுவிடும்.

இன்னொன்றும் உண்டு. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் குறையும். இன்ஜினோடு பொருத்தப்பட்ட பம்ப், பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவாக இருப்பதால், பெட்ரோல் அங்கேதான் முதலில் ஆவியாகிறது. டேங்குக்கும் பம்புக்கும் இடைப்பட்ட குழாயை யாரும் கவனிப்பதில்லை என்பது என் பெரிய ஆதங்கம்.

ஓடும்போது நிற்பதும், கடைக்குப் போய்விட்டு வந்த பிறகு கிளம்ப மறுப்பதும் ஒரே கோளாறுதானே?

இல்லை. இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். இரண்டுக்கும் சூடுதான் காரணம் என்றாலும், விளைவு நேர் எதிரானது.

ஓடும்போது நின்றால், முதல் பதிலில் சொன்ன ஆவியடைப்பு. இன்ஜினுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை; பட்டினி. நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் கிளம்பவில்லை என்றால், பெரும்பாலும் பெட்ரோல் அளவுக்கு மீறிப் போயிருக்கும். இன்ஜினை அணைத்தவுடன் விசிறியும் நிற்கிறது, தண்ணீரின் சுழற்சியும் நிற்கிறது. ஆனால் இரும்பில் தேங்கிய சூடு எங்கே போகும்? மேலே ஏறிக் கார்பரேட்டருக்குள் போகிறது. பானட்டுக்குள் சூடு உச்சத்தைத் தொடுவது அணைத்த பிறகுதான். அப்போது கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்துப் பொங்கி, ஜெட் என்னும் சிறு துளை வழியாக, இன்ஜினுக்குப் போகும் மேனிஃபோல்டுக் குழாய்க்குள் வழிகிறது. காற்றுக்கு இடமில்லாமல் இன்ஜின் மூழ்கிவிடுகிறது.

ஒன்று பட்டினி, மற்றது வெள்ளம். ஒன்றின் மருந்து மற்றதற்கு விஷம். எது என்று தெரியாமல் ஆக்ஸிலரேட்டரைப் படபடவென்று மிதிப்பதுதான் பலரும் செய்வது. வெள்ளத்தில் அது இன்னும் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றுகிறது.

சரி, வழியில் நின்றுவிட்டது. பட்டறை பக்கத்தில் இல்லை. என்ன செய்வது?

முதலில் வண்டியை ஓரமாக, முடிந்தால் நிழலில் நிறுத்திப் பானட்டைத் திறந்துவிடுங்கள். சிகரெட்டை அணைத்துவிடுங்கள், இதைச் சொல்லவேண்டியதில்லை என்று நினைக்காதீர்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது.

ஓடும்போது நின்றிருந்தால், நல்ல துணியை நனைத்துப் பிழிந்து, பம்பின் மேலும், பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் குழாயின் மேலும் போடுங்கள். துணி காய்ந்தால் மறுபடி நனையுங்கள். இருபது முப்பது நிமிடத்தில் ஆவி சுருங்கித் திரவமாகிவிடும். காலியான கிண்ணம் நிறையக் கொஞ்சம் நேரம் ஆகும் என்பதால் ஸ்டார்ட்டரை விட்டு விட்டு அடியுங்கள். ஒரே மூச்சில் அடித்தால் பேட்டரி இறங்கிவிடும்.

நிறுத்தி வைத்த பின் மறுத்தால், வேறு முறை. காற்றைக் குறைக்கும் சோக்கைத் தொடாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அடிவரை அழுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டு, ஐந்து முதல் பத்து விநாடி ஸ்டார்ட்டரை அடியுங்கள். கார்பரேட்டரில் காற்று போகும் வழியைத் திறக்கும் த்ராட்டில் முழுதும் திறந்திருப்பதால் காற்று நிறையப் போய், தேங்கிய பெட்ரோலை வெளியேற்றும். கறுப்புப் புகையைத் தள்ளிவிட்டுக் கிளம்பும். கிளம்பியதும் காலைத் தளர்த்துங்கள்.

துணி எதற்கு? ஒரு வாளித் தண்ணீரை இன்ஜின் மேல் ஊற்றினால் உடனே ஆறிவிடுமே?

வேண்டாம். கொதிக்கும் வார்ப்பிரும்பின் மேல் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விழும். மேனிஃபோல்டு போனால் அரை மணி நேரத்துக் கோளாறு பெருஞ்செலவாகிவிடும். ஈரத் துணியைக்கூட சைலன்சர் குழாயில் படாமல் வைக்க வேண்டும்.

இது ஆவிதானா, இல்லை பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயில் போய்விட்டதா? சூடானால் காயிலும் இப்படித்தான் செய்யும் என்கிறார்களே?

சரியாகச் சொல்கிறார்கள். இங்கேதான் பணம் வீணாகிறது. சூட்டில் காயிலின் உட்சுற்றில் உள்ள காப்பு விட்டுப்போனால், வண்டி நிற்கும், ஆறினால் கிளம்பும். வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். ஆகவே நின்ற அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும்.

முதலில் பொறியைப் பாருங்கள். ஒரு பழைய பிளக் வண்டியில் இருக்கட்டும். காயிலிலிருந்து, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் நடு வயரை அந்தப் பிளக்கில் மாட்டி, கார்பரேட்டரிலிருந்து தள்ளி, பிளக்கின் உடல் இரும்பில் படும்படி வைத்து, ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். பெட்ரோல் நெடி வீசினாலோ எங்காவது கசிந்திருந்தாலோ இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. நீலநிறத்தில் சடசடவென்று பொறி வந்தால் காயில் நலம். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராமலே இருந்தாலோ ஆவியைக் குறை சொல்லாதீர்கள்.

பொறி சரியென்றால், சாவியை அணைத்துவிட்டுக் காற்று வடிகட்டியைக் கழற்றுங்கள். கார்பரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடியே த்ராட்டில் கம்பியைக் கையால் ஒருமுறை இழுங்கள். பக்கச் சுவரில் இருக்கும் சிறு பித்தளை முனையிலிருந்து பெட்ரோல் மெல்லிய நூலாகப் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது, பட்டினி இல்லை. ஒன்றும் வராமல் உலர்ந்திருந்தால் ஆவியடைப்பு, அல்லது பெட்ரோல் வராத வேறு கோளாறு. இழுக்காமலே உள்ளே ஈரம் மினுங்கி, மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் வெள்ளம். இந்த ஒரு பார்வை பல மணி நேர ஊகத்தை மிச்சப்படுத்தும். பிள்ளைகளுக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுங்கள்.

டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று சத்தம் வந்தது. அதன் பிறகு வண்டி ஓடியது. மூடிக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பெட்ரோல் குறையக் குறைய, அந்த இடத்தை நிரப்பக் காற்று டேங்குக்குள் வர வேண்டும். மூடியில் உள்ள துளை தூசியாலோ துருவாலோ அடைந்திருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் வராது. அறிகுறி ஆவியடைப்பைப் போலவே இருக்கும். அழுத்தம் குறைந்தால் சீக்கிரம் கொதிக்கும் என்று இரண்டாம் பதிலில் சொன்னபடி, அது ஆவியடைப்பையும் தூண்டிவிடும்.

சத்தம் எந்தத் திசையில் என்று கவனியுங்கள். காற்று உள்ளே இழுபட்டால் மூடி அடைந்திருக்கிறது. வெளியே சீறினால், வெயிலில் பெட்ரோல் விரிந்ததால் வந்த அழுத்தம். அது உங்கள் வண்டியை நிறுத்தியிருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் கார் வெயிலில் நிற்பதில்லை. என் பழைய ஜீப்புக்கு மட்டும் ஏன்? நிரந்தரமாகத் தீர்க்க முடியாதா?

பழைய வில்லிஸ் வகை ஜீப்பின் இன்ஜினைப் பாருங்கள்: பெட்ரோல் போகும் மேனிஃபோல்டும் புகை வெளியேறும் மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். குளிர்நாட்டில் அந்தச் சூடு பெட்ரோலை நன்றாகக் கலக்க உதவியது. நமக்கு அதுவே வினை.

தீர்க்க முடியும், ஒரே வேலையில் அல்ல. முதலில் இன்ஜின் ஏன் அளவுக்கு மீறிச் சூடாகிறது என்று பாருங்கள்: ரேடியேட்டர் துருப்பிடித்து அடைந்திருக்கலாம், விசிறி பெல்ட் தளர்ந்திருக்கலாம். பொறி விழும் நேரமான இக்னிஷன் டைமிங் பிந்தியிருந்தால் எரிவது சைலன்சர் வரை நீண்டு மேனிஃபோல்டே சிவக்கும். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். அடுத்து டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள ரப்பர் குழாய்கள். இழுக்கும் பக்கத்தில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டாது; காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணுக்குத் தெரியாது. பழைய குழாயைக் கையால் வளைத்துப் பாருங்கள், மேல்தோல் பிளந்தால் மாற்றிவிடுங்கள்.

பிறகு குழாயை சைலன்சர் குழாயிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். கார்பரேட்டருக்கு அடியில் சூட்டை எளிதில் கடத்தாத தடித்த பேக்லைட் தட்டு, இரண்டு கேஸ்கெட்டுடன் வைத்தால் கீழிருந்து ஏறும் சூடு பெருமளவு தடைபடும். கிண்ணம் பொங்குவதற்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. கார்பரேட்டருக்கும் சைலன்சர் குழாய்க்கும் நடுவே ஒரு தகரத் தகடும் உதவும். பட்டினிக்கு நல்ல மருந்து, கார்பரேட்டருக்குச் சற்று முன்னால் குழாயைக் கிளைத்து, சிறு துளை வழியாகக் கொஞ்சம் பெட்ரோலை டேங்குக்கே திருப்பி அனுப்புவது. அப்போது பெட்ரோல் குழாயில் தேங்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்; உண்டாகும் ஆவியும் அந்த வழியே போய்விடும். திரும்பும் முனை மேல்நோக்கி இருக்க வேண்டும், ஆவி மேலேதான் சேரும்.

மாந்தளையிலிருந்து மேமியோ ஏறும்போது பாதி வழியில் நிற்கிறது. மேலே குளிர்தானே, பிறகு ஏன்?

மேலே போய்ச் சேர்ந்தால் குளிர். ஏறும் வழியில் இன்ஜினுக்கு அதுதான் மிகக் கடினமான நேரம்: பாரம், கீழ் கியர், மெதுவான வேகம், குறைந்த காற்றோட்டம். 70 கிலோமீட்டருக்குள் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏறுகிறீர்கள். அந்த உயரத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பெட்ரோலும் அதற்கேற்பக் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. விடியற்காலையில் கிளம்புங்கள். ஏற்றம் தொடங்குவதற்கு முன் நிறுத்தி ஆறவிடுங்கள். வழியில் நிறுத்தினால் உடனே அணைக்காமல், ஓரிரு நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள்.

92 போடுவதற்குப் பதில் 95 போட்டால் ஆவியாகாதா?

அந்த எண்ணுக்கும் ஆவியாவதற்கும் தொடர்பு இல்லை. ஆக்டேன் என்பது இன்ஜினுக்குள் தட்டல் வராமல் தாங்கும் திறன். எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பது வேறு அளவு, அதை 37.8 டிகிரியில் ஆவியழுத்தமாக அளக்கிறார்கள். இன்ஜினுக்கு 92 போதுமென்றால் 95க்குக் கொடுக்கும் பணம் இந்தக் கோளாறுக்கு உதவாது.

தாய்லாந்து எல்லைப் பக்கம் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே விற்கும் கேசஹாலில் எத்தனால் கலந்திருக்கிறது. பத்து சதவீத எத்தனால் பெட்ரோலின் ஆவியழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிவிடும். பழைய ரப்பரையும் அரிக்கும். கார்பரேட்டர் வண்டிக்கு அது நல்லதல்ல.

கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்தால் ஆவியாகாது என்று ஒரு பெரியவர் சொன்னார். உண்மையா?

அவர் சொன்னதில் பாதி உண்மை. மண்ணெண்ணெய் கனமானது, கலந்தால் ஆவியாவது குறையும். ஆனால் இன்ஜின் தட்டும், பிளக்கில் கரி படியும், எரியாத மிச்சம் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பெரியவரிடம் மரியாதையாகத் தலையாட்டிவிட்டு, கலக்காமல் வந்துவிடுங்கள்.

சாலையோரப் பாட்டில் பெட்ரோல் போட்ட பிறகுதான் தொல்லை தொடங்கியது. அதுவா காரணம்?

ஆவியடைப்புக்கு அது காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. வெயிலில் நாள்கணக்கில் நிற்கும் பாட்டிலிலிருந்து இலேசான பகுதிகள் முன்பே போயிருக்கும். அதனால் காலையில் கிளம்பத்தான் தொல்லை தரும். தண்ணீர், தூசி, கலப்படம் ஆகியவற்றுக்குத்தான் பயப்பட வேண்டும். பில்டரைப் பாருங்கள், பாதி அடைந்த பில்டர் ஆவியடைப்பைப் போலவே ஏமாற்றும்.

என்னுடையது கார்பரேட்டர் இல்லாத இன்ஜெக்ஷன் கார். எனக்கு இந்தக் கவலை இல்லைதானே?

பெருமளவு இல்லை. 2011க்குப் பிறகு வந்து குவிந்த ஜப்பான் கார்களில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது, உறிஞ்சாமல் தள்ளுகிறது. குழாயில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 40 பவுண்டு அளவில் இருப்பதால் கொதிநிலை மிகவும் உயர்ந்துவிடுகிறது.

ஆனால் வெயிலில் நிறுத்திவிட்டு வந்து ஸ்டார்ட்டரை நெடுநேரம் அடிக்க வேண்டியிருக்கிறது என்றால், பம்பில் உள்ள வால்வு தேய்ந்து, அணைத்ததும் அழுத்தம் இறங்கிவிடுகிறது என்று பொருள். அழுத்தம் போனால் இன்ஜெக்டர் குழாயில் பெட்ரோல் ஆவியாகும். சாவியை முன்னே திருப்பி மூன்று விநாடி பொறுத்து அணைத்து, மறுபடி அப்படியே செய்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். டேங்கில் கால் பங்குக்குக் கீழே போகவிடாதீர்கள். மூழ்கியிருக்கும் பம்பை ஆற்றுவதும் அந்தப் பெட்ரோல்தான்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓட்டுகிறோம். ஒரு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. அதற்கும் இதுதானா?

இருக்கலாம். சத்தம் அக்கம்பக்கத்தாரைத் தொந்தரவு செய்யக்கூடாதென்று பெட்டி கட்டி மூடுகிறார்கள், பால்கனி மூலையில் ஒதுக்குகிறார்கள். தன் சூட்டிலேயே அது வேகிறது. மேலே டேங்க், கீழே இன்ஜின் என்பதால் பம்ப் இல்லாவிட்டாலும், குழாயில் குமிழ் சேர்ந்தால் பெட்ரோல் இறங்காது. டேங்க் மூடியையும் பாருங்கள், முன்பு சொன்ன அதே துளை.

மூடாதீர்கள், நாலா பக்கமும் காற்று விடுங்கள். இதைவிட முக்கியமாக இரண்டு விஷயங்கள். சூடான ஜெனரேட்டரில் பெட்ரோல் ஊற்றாதீர்கள். பெட்ரோல் ஆவி உறைநிலைக்கு வெகு கீழேயும் தீப்பிடிக்கக்கூடியது, சைலன்சரில் ஒரு சிந்தல் போதும். மேலும், அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நெடியும் இல்லை, நிறமும் இல்லை. வீட்டுக்குள்ளோ, மூடிய பால்கனியிலோ, படுக்கையறை ஜன்னலுக்கு அடியிலோ வைக்கவே கூடாது.

டீசல் லாரிக்கும் ஆவியடைப்பு வருமா?

வராது என்றே சொல்லலாம். டீசல் 170, 180 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கத் தொடங்கும். டீசல் வண்டி நின்றால் குழாயில் காற்று புகுந்ததா என்று பாருங்கள். சூட்டில் மட்டும் கிளம்ப மறுத்தால் இன்ஜெக்ஷன் பம்ப் தேய்ந்திருக்கலாம். சூட்டில் இளகிய டீசல் உள்ளேயே கசிந்துவிடுகிறது.

தண்ணீர்த் திருவிழாவில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தபோது ஜீப் நின்றது. வெயிலும் கொளுத்தியது, தண்ணீரும் ஊற்றினார்கள். எதைச் சொல்வது?

தண்ணீர் பட்ட உடனே நின்றதென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியோ பிளக் வயரோ நனைந்திருக்கும். துடைத்துக் காயவைத்தால் கிளம்பும். திக்கித் திணறிச் சற்று நேரம் ஓடி நின்றதென்றால் ஆவி. காயில் பற்றிய பதிலில் சொன்ன இரண்டு சோதனைகளும் இங்கேயும் முடிவைச் சொல்லும். அந்தக் கூட்டத்தில் பானட்டைத் திறப்பதற்கு முன், வாளியோடு நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எலெக்ட்ரிக் பம்ப் மாட்டிவிட்டேன். பழைய தொல்லை போய்விட்டது, ஆனால் இப்போது பெட்ரோல் நெடி அடிக்கிறது. நிறுத்தினால் கிளம்ப மாட்டேன் என்கிறது. ஏன்?

பட்டினியைத் தீர்த்து வெள்ளத்தை வரவழைத்திருக்கிறீர்கள். கார்பரேட்டருக்கு மூன்று நான்கு பவுண்டு அழுத்தம் போதும். இன்ஜெக்ஷன் காருக்கான பம்பையோ அழுத்தம் கூடிய பம்பையோ மாட்டினால், கிண்ணம் நிறைந்ததும் வழியை மூடும் மிதவையின் ஊசி வால்வால் அதைத் தடுத்து நிறுத்த முடியாது. கிண்ணம் நிரம்பி வழியும். கார்பரேட்டருக்கென்றே செய்த பம்பை வாங்குங்கள், அல்லது நடுவே அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டர் வையுங்கள்.

பம்பை எங்கே வைத்தீர்கள் என்பதும் முக்கியம். பானட்டுக்குள் வைத்தால் அதுவும் உறிஞ்சத்தான் செய்யும், அதுவும் சூட்டிலேயே இருக்கும். டேங்குக்குப் பக்கத்தில், டேங்கின் அடிமட்ட உயரத்தில் வையுங்கள். கடைசியாக, ஆயில் அழுத்தம் இல்லாவிட்டால் பம்பை நிறுத்தும் சுவிட்ச் ஒன்றைச் சேர்க்காமல் இதை ஓட்டாதீர்கள். விபத்தில் குழாய் அறுந்து இன்ஜின் நின்ற பிறகும், சாவி திறந்திருக்கும்வரை எலெக்ட்ரிக் பம்ப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டே இருக்கும். இப்போது நெடி அடிக்கிறது என்றால், கசிவைக் கண்டுபிடிக்கும்வரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.